சீட்டு விழுந்த கேன்

தவளக்குப்பம் முனையில் பொன்னாடைக் கடை வாசலில் நின்று வெரோனிகா புருஷனுக்கு ஃபோன் போட்டது ஒரே ஒரு வார்த்தை கேட்கத்தான். கேனை வண்டியில் ஏற்றியாச்சா, இல்லையா? தனிஸ்லாஸ் தலையில் எதுவும் நிற்காது. காலையில் சொன்னதைக் காப்பி குடிப்பதற்குள் மறந்துவிடுகிற ஆள். அன்றைக்கென்று மறக்காமல் செய்திருந்தான்.

"ஏத்தியாச்சுடி. ராமு அவன் வண்டியிலயே வெச்சுக்கினு போயிட்டான். நான் கம்பெனி கேட்டாண்ட நிக்கிறேன். உள்ள போனா ஃபோனைப் புடுங்கி வெச்சுக்குவானுங்க, சீக்கிரம் சொல்லு."

"வாசல்ல வெச்சிருந்ததுதான?"

"அதுமேல பூரா கோழி எச்சம். டெல்லிக்காரங்க முன்னாடி அதையா கொண்டும்போயி வெக்கிறது? மாட்டுக் கொட்டாயில நீ ஒண்ணு பளபளன்னு தொடச்சு வெச்சிருந்த பாரு, அதை ஏத்திட்டேன். ஸ்டிக்கர்ல உம் பேரு எழுதி நானே ஒட்டிட்டேன்."

"அய்யோ, அது..."

"இன்னா அது? மணியடிச்சுட்டான், வெக்கிறேன்."

வைத்துவிட்டான். திரும்பப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். இனிமேல் மதியச் சாப்பாட்டுக்குத்தான் அந்த ஃபோன் உயிரோடு வரும்.

வெரோனிகாவின் கையில் நாலு பொன்னாடை, ஒரு பூப்பொட்டலம். சுற்றிலும் கடலூர் ரோடு பஸ்களும் பைக்குகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

மாட்டுக் கொட்டகையில் இருந்த கேனில் பூச்சி மருந்து கலந்திருந்தது. சிவப்பு முக்கோணமும் மண்டை ஓடும் போட்ட மருந்து. கலந்தவள் வேறு யாருமில்லை, அவளேதான். இன்னும் முக்கால் மணி நேரத்தில் பாகூர் கல்யாண மண்டபத்தில் இருபத்திரண்டு கேன் வரிசையாக நிற்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பேர் வருகிறதோ அவர்கள் கேனிலிருந்து ஒரு மடக்கு எடுத்து, அவள் நாத்தனார் ஜெசிந்தா மேரி எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டுவாள். ஜெசிந்தா இப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை.

குடித்துக் காட்டுவதா, இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். கூத்துதான். ஆனால் அது வந்த வழியைச் சொன்னால்தான் புரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெல்லியிலிருந்து ஒரு திட்டம் வந்தது. நாடு முழுக்கப் பூச்சி மருந்தைப் பாதியாகக் குறைக்கணும், மண்ணைக் காப்பாத்தணும், சோறு தின்கிறவன் வயிற்றில் விஷம் போகக் கூடாது. நல்ல விஷயம்தான், யார் வேண்டாமென்பார்கள்? இருபத்திரண்டு வீடு சேர்ந்தால் ஒரு குழு, குழுவுக்கு ஒரே சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் நெல்லை நல்ல விலைக்கு அரசாங்கமே எடுத்துக்கொள்ளும். யாராவது ஒருத்தர் நெல்லில் மருந்து தெரிந்தாலும் இருபத்திரண்டு வீட்டுக்கும் சான்றிதழ் போச்சு. ஒருத்தரை ஒருத்தர் கண்காணித்துக்கொள்வார்களாம். ஏசி ரூமில் உட்கார்ந்து யோசித்தவருக்கு அது பிரமாதமாகத்தான் இருந்திருக்கும். ஊரில் நடந்தது என்னவென்றால், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பயப்பட ஆரம்பித்தார்கள். பங்காளிச் சண்டையில்கூட நேருக்கு நேர் திட்டிக்கொண்ட ஊர், இப்போது வரப்பில் எதிர்ப்பட்டால் சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தது.

ஜெசிந்தா அந்தத் திட்டத்தின் பயிற்சிக்காரி. பிறந்த ஊருக்கே வேலையாக வந்தாள். வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டவள், தினமும் ஸ்கூட்டியில் இத்தனை தூரம் வருவாள். மருந்துக்குப் பதிலாக ஒரு கரைசல் செய்யச் சொல்லிக்கொடுத்தாள். மீன் கழிவு, வெல்லம், வேப்பங்கொட்டைச் சாறு எல்லாம் போட்டு நாற்பது நாள் ஊறவைக்கிற சமாச்சாரம். மூடியைத் திறந்தால் மூணு தெருவுக்கு நாறும். முதல் கூட்டத்தில், குழுவில் ஒருத்தனான ராமு எழுந்து நக்கலாகக் கேட்டான்.

"இதுல விஷமே இல்லைன்னு சொல்றியே பாப்பா, நீ ஒரு வாயி குடி பார்ப்போம்."

கூட்டம் சிரித்தது. ஜெசிந்தா ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் கலந்து, மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள். சிரிப்பு நின்றுபோச்சு. அன்றைக்கு அவளை நம்பிய ஊர்தான். அதற்கப்புறம் மாசாமாசம் கூட்டம், மாசாமாசம் சீட்டு, யார் கேன் வருகிறதோ அதில் ஒரு மடக்கு. "உங்க கேனை நான் நம்புறேன், என் பேச்சை நீங்க நம்புங்க" என்பாள். வாட்ஸப்பில் அந்த வீடியோ ஆபீசர் ஆபீசராகப் போய், இன்றைக்கு டெல்லியிலிருந்தே பார்க்க வந்துவிட்டார்கள்.

முழுகாமல் ஆனதும் வெரோனிகா திட்டிப் பார்த்தாள். "ரசம் தாளிச்சாலே கொமட்டுதுன்னு ஓடுற. இந்தக் கருமத்தைக் குடிக்காட்டி இன்னாடி?"

"நான் குடிக்கிறதை நிறுத்துனா இன்னா நெனைப்பாங்க அண்ணி? புள்ளைன்னு வந்ததும் பயந்துட்டா, அப்ப ஏதோ இருக்குதுன்னுதான நெனைப்பாங்க?"

அடுத்த கூட்டத்திலும் குடித்தாள்.

இனி வெரோனிகா செய்த காரியம். பத்து நாளைக்கு முன்னால், கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, அவள் நிலத்தில் புகையான் விழுந்தது. பயிரின் அடித்தண்டில் கடுகு கடுகாகப் பூச்சி. முதல் நாள் முறம் அகலத்துக்குக் கருகியிருந்தது. மறுநாள் கட்டில் அகலம். மூணாம் நாள் ஒரு மாட்டு வண்டி நிற்கிற அளவு. கரைசலை அடித்தாள், வேப்பெண்ணெய் அடித்தாள், தண்ணீரை வடித்துவிட்டுப் பார்த்தாள், மாதாவுக்கு மெழுகுத்திரியும் வேண்டிக்கொண்டாள். புகையான் அசையவில்லை. ராத்திரி படுத்தால் நிலம் முழுக்கத் தீப்பிடித்த மாதிரி கண்ணுக்குள் எரிந்தது.

திட்டம் வந்த புதிதில் ஊரிலிருந்த பழைய மருந்து பாட்டில்களையெல்லாம் சாக்கில் கட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரும் கொடுத்தார்கள். வெரோனிகாவும் ஐந்து பாட்டில் கொடுத்தாள். ஆறாவதை, எதற்கும் இருக்கட்டும் என்று மாட்டுக் கொட்டகைக் கூரைச் சந்தில் செருகிவைத்தாள். அதைத்தான் இறக்கினாள். நேராக ஸ்பிரேயர் டேங்கில் ஊற்ற வழியில்லை. அடிக்கிற அன்றைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ரெண்டு பேர் வரப்பில் சாட்சிக்கு நிற்கணும், அவர்கள் கண்முன்னால்தான் கேனிலிருந்து டேங்கில் ஊற்றணும். அதனால் விடியற்காலையிலேயே கேனுக்குள் கால் பாட்டில் கவிழ்த்து, குச்சியால் கலக்கிவிட்டாள். மீன் நாற்றத்தில் மருந்து வாடை அமுங்கிப்போனது. சாட்சிக்கு வந்த பவுனம்மாளும் புகழ்வேந்தனும் எதுவும் கேட்கவில்லை.

புகையான் செத்தது. மிச்சக் கரைசலைக் குழிவெட்டிக் கொட்டியிருக்கணும். மனசு வரவில்லை. திரும்ப விழுந்தால் என்ன செய்வது என்று மாட்டுக் கொட்டகை மூலையில் ஒளித்தாள்; மண்டபத்துக்கென்று மருந்து கலக்காத இன்னொரு கேனை வாசலில் எடுத்துவைத்தாள். வெளிப்பக்கம் மருந்து சிந்தியிருக்குமோ என்ற பயத்தில், ஒளித்த கேனைச் சோப்பு போட்டு மூணு தரம் கழுவித் துடைத்தாள். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் தனிஸ்லாஸ் மயங்கிவிட்டான்.

பாகூர் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஜெசிந்தாவுக்குப் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. இன்னொரு தரம். இன்னொரு தரம். கூட்டம் என்றால் ஃபோனை ஊமையாக்கிக் கைப்பையில் போட்டுவிடுவாள், அந்தப் பழக்கம் வெரோனிகாவுக்குத் தெரியும். இருபத்திரண்டில் ஒன்று, இருபத்திரண்டில் ஒன்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். என் பேர் ஏன் வரப்போகிறது? இந்த ரெண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட வந்ததில்லையே. அப்படிச் சொல்லிக்கொண்ட அடுத்த நிமிஷமே, வராத பேர்தானே இனி வரும் என்று தோன்றியது.

அந்த மருந்தைக் குடித்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஊரில் பார்க்காதவர்கள் யார்? வாயில் நுரை, கண்மணி ஊசி முனையாகச் சுருங்கிப்போகும், மூச்சு இழுக்கும். தண்ணீர் கலந்த ஒரு மடக்கில் பெரிய மனுஷி பிழைத்தாலும் பிழைப்பாள். உள்ளே இருக்கிறதே, ஒரு சாண்கூட இல்லாத உயிர், அது?

ராமுவுக்குப் போட்டாள். எடுத்தான்.

"இன்னாம்மா, எங்க இருக்கற? டெல்லிக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க. பொன்னாடை எங்கன்னு கேக்கறாங்க."

"வந்துக்கினே இருக்கேண்ணே. ஜெசிகிட்ட ஃபோனைக் குடுங்க."

"அது மேடையில இருக்குது. சீட்டுப் போட்டாச்சு. உனக்கு அதிர்ஷ்டம் போ. உம் பேருதான் வந்துச்சு."

ராமுவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். தன் பேர் வந்திருந்தால்கூட அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். வெரோனிகாவுக்கு அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

"அண்ணே, அந்தக் கேன்ல..."

"கேன்ல?"

பக்கத்து சீட்டுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் பாகூர்க்காரர் ஒருத்தர், தெரிந்த முகம். மண்டபத்தில் ராமு பக்கத்தில் யார் யாரோ பேசும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை. மருந்து என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இருபத்திரண்டு வீட்டுச் சான்றிதழ் அவளால் போகும். அறுக்கப் போகிற நெல்லுக்கு விலை இல்லை என்று ஊரே அவள் வாசலில் மண்ணை வாரித் தூற்றும். போலீஸ் வருமோ என்னவோ.

"அது கெட்டுப்போச்சுண்ணே. வேற கேனை எடுக்கச் சொல்லுங்க."

ராமு சிரித்தான். "கெடாத கரைசல் ஏது? எல்லாமே நாத்தம் புடிச்சதுதான். வந்து சேரு."

வைத்துவிட்டான்.

வெரோனிகாவுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. வாயில் வந்ததை விழுங்கினாயே பாவி, நெல் பெரிசா, பிள்ளை பெரிசா? திரும்ப ராமுவுக்குப் போட்டாள். அவன் எடுக்கவில்லை. பவுனம்மாளுக்குப் போட்டாள், பிஸி. குழுவின் வாட்ஸப்பில் எழுதலாமென்று திறந்தால், அதற்குள் ஒரு படம் வந்து விழுந்தது. மேடையில் நீலப் புடவையில் ஜெசிந்தா. பக்கத்தில் கோட்டு போட்ட டெல்லி ஆபீசர் ஒருத்தர். நடுவில் பளபளவென்று அந்தக் கேன், அதில் தனிஸ்லாஸ் கோழிக் கிறுக்கலாக எழுதிய அவள் பேர். ஜெசிந்தாவின் கையில் எவர்சில்வர் டம்ளர். படத்துக்குக் கீழே யாரோ கைகூப்பும் பொம்மை மூணு போட்டிருந்தார்கள்.

கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பியதும் பஸ் நின்றது. முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் ரெண்டு டிரெய்லர், எதிரே ஒரு லாரி. யாரும் நகர்வதாயில்லை. கண்டக்டர் இறங்கிப்போய் வேடிக்கை பார்த்தார்.

"இன்னும் எம்மா நேரம் ஆவும்ண்ணே?"

"அவன் ஒதுங்குனா நாம போவலாம்மா."

வெரோனிகா இறங்கி ஓடினாள். நாற்பத்தாறு வயசு, முழங்கால் வலி, காலில் புதுச் செருப்பு. டிராக்டரைத் தாண்டினதும் செருப்பு அறுந்தது, கழற்றி வீசினாள். புகைப்படத்தில் டம்ளர் கையில் இருந்தது, உதட்டுக்கு இன்னும் போகவில்லை. ஜெசிந்தா பேச்சுக்காரி. டம்ளரைப் பிடித்துக்கொண்டே பத்து நிமிஷம் மண்புழுவைப் பற்றிப் பேசுவாள். பேசுடி, இன்னிக்கு ஒரு நாள் வாய் ஓயாம பேசுடி என்று முனகிக்கொண்டே ஓடினாள். பின்னால் பைக்கில் வந்த ஒரு பையன் வேகத்தைக் குறைத்து, ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டான். ஆமாம் என்றாள். ஏறிக்கொண்டாள். பாகூர் ஏரிக்கரைக் காற்று முகத்தில் அடித்தது. பொன்னாடைப் பை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

மண்டப வாசலில் இறங்கும்போதே மைக்கில் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் வெரோனிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் என்ன சொல்கிறாள் என்பது காதில் விழுந்ததும் அந்த உயிர் மறுபடி போனது.

"... என் வயித்துல புள்ளையை வெச்சுக்கிட்டு இதை நான் குடிக்கிறேன் சார். இதைவிட வேற இன்னா சாட்சி வேணும்?"

கைதட்டினார்கள். ஜெசிந்தா டம்ளரைத் தூக்கினாள்.

வெரோனிகா நடுவழியில் நாற்காலிகளை இடித்துக்கொண்டு போனாள். மேடைக்கு மூணு படி. ஏறினது தெரியவில்லை. டம்ளர் ஜெசிந்தாவின் உதட்டை ஒட்டியிருந்தபோது புறங்கையால் அடித்தாள். டம்ளர் போய்ச் சுவரில் மோதியது, கரைசல் கோட்டு போட்டவர் மேலெல்லாம் தெறித்தது. மண்டபமே அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. இவளுக்கு என்ன பேய் பிடித்துவிட்டதா என்பது போல ஜெசிந்தா பார்த்தாள்.

"உள்ள போச்சாடி? ஒரு சொட்டாவது போச்சா?"

"இல்ல... இன்னா அண்ணி இது?"

வெரோனிகா அவள் தாடையைப் பிடித்து உதட்டைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். ரெண்டு தரம், மூணு தரம். அப்புறம்தான் சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"அதுல மருந்து இருக்குது. நான்தான் ஊத்துனேன்."

கோட்டுக்காரர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே என்ன என்ன என்று கேட்டார். உள்ளூர் ஆபீசர் அவர் காதில் என்னவோ மெல்லச் சொன்னார். ஜெசிந்தாவின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. தன் உயிர் தப்பியது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. ரெண்டு வருஷத்து உழைப்பைச் சொந்த அண்ணியே மேடையில் போட்டு உடைத்ததுதான் தெரிந்தது.

"கீழ போங்க அண்ணி," என்றாள். "ஒருத்தர் தப்புப் பண்ணா எல்லாரும் தப்புப் பண்ணவங்க இல்ல சார். இன்னொரு சீட்டு எடுக்கறேன். அதுல குடிச்சுக் காட்டறேன்."

சீட்டுக் குலுக்கிய சட்டியில் கைவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். "ராமு அண்ணன்."

ராமு மூணாவது வரிசையில் இருந்தான். எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"என்னுது வேணாம் பாப்பா."

"ஏன்?"

"வேணாம். வுட்டுடு."

ஜெசிந்தா இன்னொரு சீட்டை எடுத்தாள். பேரைப் படிப்பதற்கு முன்னாலேயே பின்வரிசையில் ஒருத்தர் எழுந்து வெளியே போனார். இன்னொரு சீட்டு. முன்வரிசையில் பவுனம்மாள் தன் பேரைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்னொன்று. யாரும் எழவில்லை. ஜெசிந்தா சட்டியை அப்படியே மேஜைமேல் கவிழ்த்தாள்.

"யார் கேனை நான் குடிக்கலாம்? அவங்க மட்டும் எழுந்து நில்லுங்க."

நாலு பேர் எழுந்தார்கள். அந்த நாலு பேரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஊரிலேயே தான் ஒருத்திதான் பாவி என்று வெரோனிகா இத்தனை நாளாக நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாரம் இறங்கியிருக்கணும். இறங்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி எழுந்தது. அவளுக்குத் தோன்றியது அதே நேரத்தில் ஜெசிந்தாவுக்கும் தோன்றியிருக்கணும். ஜெசிந்தாவின் கை தன் வயிற்றுமேல் போய் நின்றது.

"பவுனக்கா," என்றாள். மைக்கை விட்டு விலகிவிட்டாள், அந்த அமைதியில் அது தேவைப்படவில்லை. "போன மாசம் உங்க பேருதான வந்துச்சு?"

பவுனம்மாள் முந்தானையை எடுக்கவில்லை.

"அக்கா, உங்க கேன்லதான நான் குடிச்சேன்?"

"கொஞ்சந்தாம்மா ஊத்துனேன்," என்றாள் பவுனம்மாள் துணிக்குள்ளிருந்து. "ரொம்ப கொஞ்சம். சீட்டுல எம் பேரு வரும்னு நான் கண்டேனா? நீ குடிச்சப்ப எனக்கு உசுரே இல்ல. வூட்டுக்குப் போயி ராவெல்லாம் அழுதேன். காலையில நீ நல்லாத்தான வந்த? நல்லாத்தான இருந்த?"

"அதுக்கு முந்தின மாசம்?"

எல்லாருக்கும் தெரியும். வாட்ஸப்பில் மாசாமாசம் படம் இருக்கிறதே, யார் கேன் பக்கத்தில் நின்று குடித்தாள் என்று. வெரோனிகா விரல்விட்டு எண்ணினாள். டிசம்பர் பவுனம்மாள். நவம்பர் புகழ்வேந்தன். அக்டோபர் ராமு. செப்டம்பர், எழுந்து நிற்கிற நாலு பேரில் ஒருத்தர். அதற்கு முந்தி பிள்ளை வயிற்றில் இல்லை.

ஜெசிந்தா மேடை ஓரத்தில் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். வெரோனிகா பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள், அவள் தட்டிவிட்டாள். கோட்டுக்காரர் இந்தம்மா என்ன சொல்கிறார் என்று உள்ளூர் ஆபீசரைக் கேட்டார். உள்ளூர் ஆபீசர் பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆட்டோ கொண்டாங்க யாராவது," என்றாள் வெரோனிகா. "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடி."

"போயி இன்னான்னு சொல்றது?" ஜெசிந்தா தலை நிமிரவில்லை. "இன்னா மருந்துன்னு டாக்டரு கேப்பாரு. எழுதுங்க அண்ணி. வந்து ஒவ்வொருத்தரா மருந்துப் பேரைச் சொல்லச் சொல்லுங்க."

மேஜைமேல் கொட்டிக் கிடந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டாள் வெரோனிகா. உள்ளூர் ஆபீசர் தன் பேனாவை நீட்டினார். முதலில் பவுனம்மாள் வந்தாள். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்கிற மாதிரி காதோடு காதாக ஒரு பேரைச் சொன்னாள். டிசம்பர் என்று போட்டு வெரோனிகா அதை எழுதினாள். ராமு வந்தான். அவன் சொன்னது வேறொரு பேர். எழுத்துக்கூட்டித் திரும்பச் சொல்லச் சொன்னாள், சொன்னான். அக்டோபர். ரெண்டு பேருமே ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்கள்.

புகழ்வேந்தன் வருவதாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டி அனுப்பினார். முப்பது வயசு இருக்கும், குழுவிலேயே படித்தவன் அவன்தான், கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதுகிறவனும் அவன்தான். வந்து நின்றான்.

"நவம்பர் மாசம் உன்னுது. இன்னா மருந்துடா?" என்று கேட்டாள் வெரோனிகா.

"எனக்குத் தெரியாதுக்கா."

"நீ ஊத்துனது உனக்குத் தெரியாதா?"

"செக்கிங் வராங்கன்னு சொன்னாங்கல்ல," என்றான். "லேபிளைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். பாட்டிலை ஏரியில வுட்டுட்டேன். எங்கப்பா வாங்கி வெச்சதுக்கா, பேரை நான் படிக்கவே இல்ல."

"நெறம்? வாடை? ஏதாச்சும் சொல்லுடா."

"தண்ணி மாதிரி இருந்துச்சு. வேற ஒண்ணும் தெரியலக்கா."

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புகழ்வேந்தன் இன்னும் ஏதாவது சொல்வானா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெரோனிகா நவம்பர் என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி நின்றாள்.